பெயர் முடிவாகாத நாட்டின் கூட்டணி ஆட்சி

அந்த நாட்டில் கூட்டணி ஆட்சி அமைந்தது டெக்சஸில், ஃபிரிஸ்கோ நகரத்தில், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளியின் அறிவியல் வகுப்பறையில். கவிழ்ந்ததும் அதே அறையில்தான். அமைந்த அன்று கார் கதவின் கைப்பிடியைத் தொட முடியாத வெயில். கவிழ்ந்த அன்று பிள்ளைகள் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். என் மகள் அதன் பிரதமர். நான் அதன் பத்திரிகை.

அது ஒரு தமிழ்ப் பள்ளி. மேல்வகுப்பில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பதின்மூன்று பேர். யாரும் விரும்பி வருவதில்லை. பெற்றோர் காரில் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆசிரியை வார நாட்களில் சிப் வடிவமைக்கும் பொறியாளர். அந்த வருடம் பாடப் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு விளையாட்டை அறிவித்தார். இன்னும் அறுபது வருடம் கழித்து ஒரு நாடு இருக்கிறது. கடல் ஏறிப் பழைய கரைகள் போய்விட்டன. பல இடங்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய நாடு அது. கட்சி நீங்களே கட்டுங்கள், சட்டம் நீங்களே போடுங்கள், சண்டையும் போடுங்கள். ஆனால் எல்லாம் தமிழில். ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் மேசை மணியை அடிப்பேன் என்றார். ஓட்டல் வரவேற்பில் வைப்பார்களே, அந்த மாதிரி மணி. அவரே சபாநாயகர்.

முதல் ஞாயிறு முழுவதும் நாட்டுக்குப் பெயர் வைப்பதிலேயே போனது. ஒருவன் தன் வீட்டு நாயின் பெயரை முன்மொழிந்தான். அதற்கு மூன்று ஓட்டு விழுந்தது. அதுதான் அன்றைய அதிகபட்சம். பெயரை நாடாளுமன்றம் பிறகு முடிவு செய்யும் என்று ஆசிரியை ஒத்திவைத்தார். கடைசிவரை முடிவு செய்யவில்லை.

கட்சிகள் மூன்று. படகில் வந்து இறங்கிய அன்றே எல்லோருக்கும் குடியுரிமை என்றது என் மகளின் கட்சி. அதில் ஐந்து பேர். வந்த வரிசைப்படிதான் தர வேண்டும் என்றது இன்னொரு கட்சி. அதில் ஆறு பேர். இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சாப்பாட்டு மேசையில் கிரீன் கார்டு வரிசையைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள். வரிசை வேண்டும் என்ற கட்சியின் தலைவன் வீட்டில் கிரீன் கார்டு ஏற்கெனவே வந்துவிட்டது. மற்றவர்களில் பாதிப் பேர் வீட்டில் வரவில்லை. இதை நான் செய்தியில் எழுதவில்லை.

மூன்றாவது கட்சியில் இரண்டே பேர். கொள்கை, குடிதண்ணீர். அதன் தலைவி என் மகளின் தோழி. தோழி என்பதாலேயே ஆதரவு கொடுத்தாள். துணைப் பிரதமர் பதவியும் தண்ணீர்த் துறையும் வாங்கிக்கொண்டாள். ஐந்தும் இரண்டும் ஏழு. ஆட்சி அமைந்தது.

சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் பல வருடம் தலைமைச் செயலகமும் சட்டசபையும் பார்த்துச் செய்தி எழுதியவன் நான். மனைவியின் விசாவில் இங்கே வந்தபின் பெரும்பாலும் கார் ஓட்டுகிறேன். ஆசிரியை கேட்டதால் இந்த நாட்டுக்கு ஒரு பக்கப் பத்திரிகை எழுதினேன். திங்கள் காலையில் எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சலில் போகும். நிருபர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு நாள் சொல்லச் சொன்னார். சொன்னதில் அவர்களுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒருவர் பேசத் தொடங்கும் முன் ஆஃப் த ரெக்கார்ட் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின் சொல்வதை நிருபர் எழுதவும் கூடாது, இன்னொருவரிடம் சொல்லவும் கூடாது. பேசி முடித்துவிட்டுச் சொன்னால் செல்லாது. மணியடிக்காத ஒரே ஆங்கிலச் சொல்லாக ஆசிரியை அதை அனுமதித்தார். அடுத்த சில வாரங்களுக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என் காதில் உபயோகமில்லாத விஷயங்களைச் சொன்னார்கள்.

"அங்கிள், ஆஃப் த ரெக்கார்ட். எதிர்க்கட்சித் தலைவர் இன்னிக்கு சாக்ஸே போடல."

"ஆதாரம்?"

"குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். எழுதவில்லை.

தோழியின் குடும்பம் ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான காப்பெல்லில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. கீழக்கரைப் பக்கத்துக்காரர்கள். அவள் அப்பாவை நான் பாய் என்பேன்; அவர் என்னைப் பிரதர் என்பார். வார நாட்களில் பள்ளிக்கும் ஞாயிறன்று ஃபிரிஸ்கோவுக்கும் இரண்டு பெண்களையும் நான்தான் ஏற்றிப் போவேன். மனைவியின் வேலை மாற மாற நாங்கள் ஊர் மாறியதில் மகள் பள்ளி மாறிக்கொண்டே இருந்தாள். யாரிடமும் ஒட்டாத சுபாவம் வேறு. காப்பெல் வந்த பிறகும் வெகுநாள் தனியாகத்தான் சாப்பிட்டாள். பிறகு இந்தப் பெண் கிடைத்தாள். வேறு யாரும் இல்லை. வீட்டில் எங்களோடு பேசாததை எல்லாம் பின் சீட்டில் அவளோடு பேசினாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

ஆட்சி அமைவதற்கு முந்தைய வசந்தத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒன்று நடந்தது. பாய்க்கு நியூ ஜெர்ஸியில் வேலை கிடைத்து, எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். பூங்கா மண்டபத்தில் பிரியாணி போட்டு விடைபெற்றார்கள். பள்ளியில் பிள்ளைகள் அட்டையில் கையெழுத்துப் போட்டு, நியூ ஜெர்ஸி வரைபடம் வரைந்த கேக் வெட்டினார்கள். இரண்டு பெண்களும் அழுது கண் வீங்கி என் காரில் ஏறினார்கள். வீட்டுச் சோஃபாவைப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அந்த நிறுவனம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டது. பாயின் பழைய நிறுவனம் நல்ல வேளையாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆனால் திங்கட்கிழமை அந்தப் பெண் அதே வகுப்புக்கு அதே பையோடு போக வேண்டியிருந்தது. கொடுத்த சோஃபாவைத் திருப்பிக் கேட்க முடியாது. வெகுநாள் தரையில் பாய் விரித்துத்தான் உட்கார்ந்தார்கள். மளிகைக் கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் நியூ ஜெர்ஸி போகலையா என்று கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள்.

ஆட்சி நன்றாகவே நடந்தது. இறங்கிய அன்றே குடியுரிமைச் சட்டம் ஏழுக்கு ஆறு என்று நிறைவேறியது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றைத் துணைப் பிரதமர் திறந்துவைத்தார். காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். குளிர் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எழுந்து புதிதாக ஒரு மசோதா கொண்டுவந்தாள்.

"சபாநாயகர் அம்மா, நாட்டை விட்டுப் போறவங்களுக்கும் ஓட்டு இருக்கணும். அவங்க போனாலும் அவங்க சீட்டு..." மணி அடித்தது. "அவங்க இருக்கை அவங்களுக்கே இருக்கணும்."

என் மகள் எழுந்தாள். தண்ணீர்த் துறை அமைச்சரை வைத்து ஒரு நகைச்சுவை செய்ய அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. "போறவங்க அங்க போய் அந்த நாட்டுத் தண்ணியைக் குடிக்கட்டும். அங்கயே ஓட்டுப் போடட்டும். இங்க இருக்கிறவங்களுக்குத்தான் இந்த நாடு."

சிரிப்பு. எதிர்க்கட்சித் தலைவன் மேசையைத் தட்டினான். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபின் தன் தாளை நான்காக மடித்தாள். மறுநாள் என் பத்திரிகையில் அதுதான் தலைப்பு: வெளியேறுவோருக்கு வாக்கு இல்லை, பிரதமர் திட்டவட்டம். சுருக்கமான தலைப்பு, எனக்குத் திருப்தி.

புதன்கிழமைகளில் மகளுக்கு வயலின் ஒத்திகை. அன்று அவளைப் பிறகு வந்து அழைத்துப்போவேன். தோழியை மட்டும் முதலில் கொண்டுவிட வேண்டும். அந்தப் புதன் அவள் முன் சீட்டில் ஏறி பெல்ட் மாட்டிக்கொண்டு, "அங்கிள், ஆஃப் த ரெக்கார்ட்" என்றாள்.

"இன்னிக்கு யாரு சாக்ஸ் போடல?"

அவள் சிரிக்கவில்லை. "வர்ற சண்டே நாங்க சப்போர்ட்டை வித்ட்ரா பண்றோம்."

"அந்த ஓட்டு மசோதாவுக்காகவா?"

"அதுதான் வெளிய சொல்ற ரீசன்."

வண்டியை எடுத்தேன். பள்ளிக்கூட வாசல் வரிசையில் கார்கள் நகரவில்லை. அவள் முன்னால் இருந்த காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வாப்பாக்கு ஜாப் போயிடுச்சு. போன மாசமே. கலிஃபோர்னியால ஒண்ணு கெடச்சிருக்கு, சான் ரமோன்ல. விசா அப்ரூவல் இன்னும் வரல. வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு உம்மா ப்ராமிஸ் வாங்கிட்டாங்க."

"என்கிட்ட சொல்லிட்டியேம்மா."

"நீங்க பிரஸ். நீங்க சொல்ல மாட்டீங்க."

விசாவில் இருப்பவர்கள் வேலை போனால் அதிகபட்சம் இரண்டு மாதம்தான் இங்கே இருக்கலாம். அதற்குள் இன்னொரு நிறுவனம் விண்ணப்பித்தாக வேண்டும். இதை அவள் எனக்கு விளக்கத் தேவையில்லை. நான் கேட்டது வேறு. "வேற ஊருக்குப் போறதுக்கும் ஆட்சியைக் கவுக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"போன தடவை கேக்ல மேப் போட்டாங்க அங்கிள். மறுபடி அந்த மாதிரி எல்லாம் என்னால அழ முடியாது. அவ என் மேல கோவமா இருந்தா ஈஸியா இருக்கும்."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்." பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் திடீர்னு வராம போனாலும் மெஜாரிட்டி போயி அவ கவர்மெண்ட் விழுந்துடும். ஆப்சென்ட்டால விழறது அசிங்கம். நான் எதிர்த்து விழணும்."

சட்டசபை வராந்தாவில் ஆதரவை வாபஸ் வாங்குவதற்கு எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன். எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொன்னவையும் உண்டு. இவ்வளவு யோசித்துச் சொன்ன காரணம் கேட்டதில்லை. அவள் வீட்டு வாசலில் இறங்கி, வழக்கம்போல் "தேங்க்ஸ் அங்கிள்" என்று உள்ளே போனாள். நான் அங்கேயே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கையசைத்தார். கையசைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வேலையில் இருந்தபோது இதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. ஒரு ரகசியம் தெரியும், எழுதுவதில்லை, அவ்வளவுதான். அது யாருக்குத் தெரியக்கூடாதோ அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்க மாட்டார். இங்கே மகள் சாப்பாட்டு மேசையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குப் பதில் உரை தயாரித்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்திருந்தது. ஏழு ஓட்டு நிச்சயம் என்று அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. வீட்டில் அவள் பேசுவது ஆங்கிலம். இங்கே பெரும்பாலும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

"மாண்புமிகு பிரதமர் அப்பளம் சாப்பிடுறாங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டு. துணைப் பிரதமருக்கும் சேர்த்து."

நான் எழுந்து போய் கராஜ் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடியிருந்தது. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. மனைவி பார்த்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உடனே போன் போகும், ஆறுதலாக. அந்த ஆறுதலுக்குத்தான் அவர்கள் பயந்தார்கள்.

வியாழனோ வெள்ளியோ மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "கூட்டணிக் கட்சியை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசினா என்ன? அந்த மசோதால கொஞ்சம் விட்டுக் குடுக்கலாமே."

"அப்பா, பிரஸ் அட்வைஸ் பண்ணக்கூடாது."

"பொதுவா சொன்னேன்."

"பிரஸ் பொதுவாவும் சொல்லக்கூடாது. நீங்கதான் கிளாஸ்ல சொன்னீங்க."

சொன்னேன்தான்.

சனிக்கிழமை இந்திய மளிகைக் கடையில் பாயைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வழக்கமாகப் பெரிய அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவரின் தள்ளுவண்டியில் ஒரு சின்ன அரிசிப் பை இருந்தது. எண்ணெயும் அரை லிட்டர். வெளியே அவருடைய மினிவேனில் நான்கு சக்கரமும் புது டயர்.

"டயர் மாத்திட்டேன் பிரதர். விண்டர் வருதுல்ல."

டெக்சஸ் குளிருக்கு யாரும் டயர் மாற்றுவதில்லை. "நல்லது பாய். பழசா இருந்தா ரிஸ்க்" என்றேன்.

"பொண்ணுங்க கவர்மெண்ட் எப்படிப் போகுது? எங்க வீட்டு மினிஸ்டர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா."

"நாளைக்கு ஓட்டெடுப்பு."

"ஜெயிச்சிடுவாங்கல்ல?"

எண்ணிக்கை இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு டோல்வே சுங்கச் சாலையில் போனேன். மகள் பின் சீட்டில் நான்கு பக்க உரையைப் படித்துப் படித்துப் பார்த்தாள். பொறுப்பேற்கிறேன் என்ற சொல்லில் ஒவ்வொரு தடவையும் தடுக்கியது. மற்றவள்தான் அதைத் திருத்தினாள். "ஏற்-கிறேன். ரெண்டா பிரிச்சுச் சொல்லு." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தடம் மாறும்போது இண்டிகேட்டர் போட மறந்து பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

வகுப்பறையில் அவளே முதலில் எழுந்தாள்.

"சபாநாயகர் அம்மா, வெளியேறுபவர்களின் உரிமையைப் பிரதமர் கேலி செய்தார். அதனால் எங்கள் கட்சி, இந்த ஆட்சிக்குக் கொடுத்துவந்த ஆதரவை, இன்றிலிருந்து..."

ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லை. மனப்பாடம் செய்து வந்திருக்கிறாள். எதிர்க்கட்சி வரிசையில் ஒருவன் "என்ன சொல்றா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். என் மகள் அவளைப் பார்த்தாள், சபாநாயகரைப் பார்த்தாள், பிறகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

எட்டுக்கு ஐந்து. பிரதமர் பதவி விலகல் உரை ஆற்ற வேண்டும். மகள் கையில் இருந்த நான்கு பக்கத்தையும் கவிழ்த்து வைத்தாள். "என்கிட்ட வேற ஸ்பீச் இல்ல" என்றாள். ஆசிரியையின் கை மணிவரை போய், அடிக்காமல் திரும்பியது.

ஆட்சி கவிழ்ந்தால் கவிழ்த்தவரும் கவிழ்ந்தவரும் வெவ்வேறு காரில் வீட்டுக்குப் போவார்கள். இங்கே ஒரே கார். மகள் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். தோழி பின்னால் தனியாக. நான் ரேடியோவைப் போட்டு, அது ஏதோ கார் விற்பனை விளம்பரமாக இருக்க, நிறுத்தினேன். அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் இறங்கி "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். கதவு சாத்தியதும் மகள் சொன்னாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

வண்டியை எடுத்தேன்.

"அவ ஆதரவைன்னு சொல்றப்பவே நீங்க எழுதி முடிச்சுப் பேனாவை மூடிட்டீங்க. நான் பார்த்தேன்."

கவனிக்கிற பெண். முழு வாக்கியத்தையும் கேட்காமல் எந்தக் கத்துக்குட்டி நிருபரும் பேனாவை மூட மாட்டான்.

"எப்ப சொன்னா?"

"சொல்லக்கூடாதும்மா."

"ஏன் பண்ணினா? அந்த ஜோக்குக்காகவா?"

"அதுவும் சொல்லக்கூடாது."

"நீங்க எனக்கு அப்பா."

"ஆமா."

"அப்பா வேலைக்கு சண்டே லீவா?"

வீட்டுக்குள் போய் மாடி ஏறிவிட்டாள். மனைவி கேட்டதற்கு ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்றேன். "அதுக்கு ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

அடுத்து வந்த நாட்கள்தான் மோசம். கார் ஏற்பாடு முறிந்தது. பாயே தன் மகளைக் கொண்டுவிட்டார். பள்ளியில் என் மகள் மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போய்விட்டாள். அவளுடைய ஆட்சியை ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள், அது எனக்குக் கவலை இல்லை. இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கப்போவதே இன்னும் கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளும் வீணாகிக்கொண்டிருப்பது மூன்று தெரு வட்டாரத்தில் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும் தெரியும். எனக்கு உட்கார முடியவில்லை. பால் இருக்கும்போதே பால் வாங்கப் போனேன். மின்னஞ்சலைத் திறந்து மூடினேன். அந்த வாரப் பத்திரிகையில் "கூட்டணி உடைந்தது" என்று மூன்று வரி எழுதி, காரணம் என்ற இடத்தில் அவள் சபையில் சொன்னதை மட்டும் போட்டேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. சொன்னவரிடமே திரும்பப் போய், இப்போதாவது வெளியிடலாமா என்று கேட்பது. புதன்கிழமை பள்ளிக்கூட வாசலில் அந்தப் பெண் தன் அப்பாவின் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கினேன்.

"சொல்லிடேம்மா அவகிட்ட."

"அப்ரூவல் வரட்டும் அங்கிள்."

"அவ தனியா சாப்பிடுறா."

"தெரியும். நான் அந்தப் பக்கம் பார்த்துதான் உக்காருவேன்."

"அப்புறம் என்ன?"

"பழகட்டும்" என்றாள். பெரியவர்கள் சொல்கிற தொனி. பிறகு முகம் லேசாகக் கோணியது. "நீங்க போங்க அங்கிள், லைன்ல நிக்கக்கூடாது, ஹாரன் அடிப்பாங்க."

அந்த ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு விடுமுறை. அடுத்த வாரம் விசா அனுமதி வந்த அன்று மாலை பாய் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வெறுங்கை. "ஸ்வீட் எல்லாம் இல்ல பிரதர். போய்ச் சேர்ந்து, ஆபீஸ்ல சீட்டுல உக்காந்த பிறகு அனுப்புறேன்" என்றார். சனிக்கிழமை கிளம்புகிறார்களாம். வீட்டை ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொள்வாராம். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலியே பாய்" என்றாள். "போன தடவை சொன்னோமே, அது போதாதா?" என்று அவர் சிரித்தார். மகள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் இறங்கி வந்து என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை.

"இதுதானா?"

"இதுதான்."

"வண்டியை எடுங்க."

இரண்டு தெருதான். எடுத்தேன்.

அவர்கள் வீட்டு முன்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இரண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள். பாய் டிவியைப் போர்வையில் சுற்ற என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டே கேட்டேன். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். சண்டை போட்டார்கள், முழுக்க முழுக்க ஆங்கிலத்தில்.

"எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்துச் சிரிச்ச."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ தண்ணி மினிஸ்டர், அதான் தண்ணி ஜோக்."

"அது நல்ல ஜோக்கே இல்ல."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிச்சது ஆப்போசிஷன். உன் கட்சியில ஒருத்தரும் சிரிக்கல, எண்ணிப் பாரு."

மகள் எண்ணிப் பார்த்திருப்பாள். பிறகு, "நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அழுதிருப்ப."

"இல்ல."

"கேக் வாங்கியிருப்ப."

"கேக் வாங்கியிருக்க மாட்டேன்." "என்னோட ரெண்டு வாரத்தை எடுத்துக்கிட்ட. ஆட்சியை எடுத்துக்கோ, பரவால்ல. அந்த ரெண்டு வாரம் என்னோடது. நீ எப்படி எடுக்கலாம்?"

டிவியின் ஒரு முனை என் கையிலிருந்து நழுவியது; பாய் "மெதுவா பிரதர்" என்றார். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஒரே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அது கண்ணாடிப் பாத்திரப் பெட்டி என்று உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா கத்தினார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை புது டயரோடு மினிவேன் மேற்கே போனது. ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து முதல் வேலையாக வரிசைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. என் மகள் ஐந்து பேர் கட்சியை வைத்துக்கொண்டு அதை எதிர்த்துப் பேசினாள். செய்தியை எழுதினேன்.

என்னோடு பேசாமல் இருப்பாள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. முன்பு பின் சீட்டில் அவளோடு பேசியதில் ஒரு பகுதியை இப்போது முன் சீட்டில் உட்கார்ந்து என்னிடம் பேசுகிறாள். எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அத்தனை நாளும் நான் வாயைத் திறக்காததை அவள் பார்த்திருக்கிறாள். அவள் சொல்வதில் சில, ஒரு அப்பா கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடியவை அல்ல. கேட்டுக்கொண்டு ஓட்டுகிறேன்.

போன வாரம் வயலின் ஒத்திகை முடிந்து வரும்போது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அங்க அவளுக்கு இன்னும் யாரும் ஃப்ரெண்டு கெடைக்கல. லஞ்ச் டைம்ல லைப்ரரிக்குப் போயிடுறாளாம். வீட்ல எல்லாம் சூப்பரா இருக்குன்னு சொல்லியிருக்கா." பிறகு தமிழில், "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அம்மா அவங்க உம்மாகிட்ட சொல்லிடுவாங்க."

சரி என்றேன். சிக்னல் எப்போது பச்சையானது என்று தெரியவில்லை. பின்னால் இருந்தவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.